‘இளைச்சுட்ட’ என்றால் தேங்க்ஸ் சொல்கிறாள்

கேள்வி: மகளுக்கு 16 வயது. இரண்டு மாதமாக ராத்திரி சாப்பாடே கிடையாது, காலையில் அரை இட்லி. யாரோ இன்ஸ்டாகிராமில் இடுப்பளவு காட்டுகிறாளாம். பள்ளி ஓணத்துக்கு செட் முண்டு கட்டி எடுத்த போட்டோவைக்கூட ஃபில்டர் போட்டுத்தான் ஸ்டேட்டஸ் வைத்தாள். போனைப் பிடுங்கிவிடட்டுமா?
– ஓர் அம்மா, கொழிஞ்சாம்பாறை

பதில்: பிடுங்கினால் தோழி போனில் பார்ப்பாள், அது அப்புறம். முதலில் அந்த அரை இட்லி. மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போடுகிறாளா, தலை சுற்றுகிறது என்கிறாளா? ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், வழியெல்லாம் திட்டிக்கொண்டே போகாமல்.

பிஜித் தீவில் நட்ரோகா என்றொரு பகுதி. அங்கே பூசினாற்போல் இருந்தால்தான் பெருமை, இளைத்தால் வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். 1995-ல் டிவி வந்தது. வந்த புதிதில் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் மறுபடி கேட்டால் 11 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். மூன்றே வருஷம், அதுவும் வெறும் டிவி.

நம்ம பக்கமும் அப்படித்தானே இருந்தது? லீவுக்குப் போனால் என் அம்மாயி “என்ன சாமி, இப்படி எளைச்சுட்ட” என்று கண் கலங்குவார். இப்போது அதையே சொன்னால் பிள்ளைகள் தேங்க்ஸ் என்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் நானே அதைப் பாராட்டாகத்தான் சொன்னேன், வீட்டுக்கு வந்துதான் உறைத்தது.

அதனால் வீட்டில் உடம்புப் பேச்சை நிறுத்துங்கள், கண்ணாடி முன்னால் நின்று ‘பூசணிக்காய் ஆயிட்டேன்’ என்று நீங்கள் சொல்லிக்கொள்வது உட்பட. போன் என்ன செய்யும், எந்த வீடியோவில் நின்று பார்க்கிறாளோ அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பளவு வீடியோவுக்கெல்லாம் ‘விருப்பமில்லை’ என்று அவளையே அழுத்தவையுங்கள், சில நாளில் வரத்து குறையும். 2015-ல் ‘பிரேமம்’ படத்தில் முகப்பருவோடு வந்த சாய் பல்லவியைத்தான் உங்கள் கேரளா கொண்டாடியது என்பதையும் பேச்சுவாக்கில் போட்டு வையுங்கள், பிரசங்கமாக வேண்டாம்.

அந்த ஓணம் போட்டோ, ஃபில்டர் போடாதது அவள் போனில் இருக்கும். ஹாலில் மாட்டட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த ஓணத்துக்குக் கேட்கலாம்.