மச்சானை வென்றால் மனிதகுலம் பிழைக்குமா?

வாசகர் கேள்வி (சுருக்கம்): நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன்; பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். என் மனைவியின் அண்ணன் கோலாலம்பூரில் கணினித் துறையில் இருக்கிறார். செயற்கை நுண்ணறிவு மனிதனை வாழவைக்குமா, ஒழித்துவிடுமா என்று குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு, பருவநிலை, போர், மக்கள்தொகை என்று கிளைத்து, நள்ளிரவு தாண்டியும் நீளும் சண்டையாகிவிட்டது. அறிவியல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது மச்சானின் கட்சி. இன்னும் ஐம்பது ஆண்டுகூடத் தாங்காது என்பது என் கட்சி. ஒருநாள் கோபத்தில் அவர் எழுதியதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் பேசுவதில்லை. நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் இழுபறி. இதையெல்லாம் படித்துவிட்ட என் மகள், இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறவள், “உலகமே இருக்காதென்றால் எதற்குப்பா படிக்க வேண்டும்?” என்கிறாள். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? இப்படி அடித்துக்கொள்ளும் மனிதர்களை நம்பி எந்த எதிர்காலத்தை எதிர்பார்ப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டர்வொர்த்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தில் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவும் பருவநிலையும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. முகநூலில் போட்ட படத்துக்கு இரண்டு வரிகளே கிடைத்திருக்கின்றன. நான் அந்த இரண்டு வரிகளிலிருந்து தொடங்குகிறேன். இரவு ஒரு மணிவரை நீங்கள் மறுத்து மறுத்து எழுதியபோதெல்லாம் உங்கள் மைத்துனர் உங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். குடும்பத்துக்குள் சொன்ன வார்த்தையை, தம் பெயரும் முகமும் தெரியும்படி, முன்பின் அறியாதவர்கள் கூடிச் சிரிக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்த பிறகே அவர் பேச்சை நிறுத்தினார். “இவனெல்லாம் கணினி படித்தவனா” என்று யாரோ ஒருவர் கீழே எழுத, அதற்கு நீங்கள் சிரிப்புக் குறி இட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனிதகுலத்தின் எதிர்காலம் குறித்த கருத்து வேறுபாடு என்று இதற்குப் பெயர் வைக்க என்னால் முடியவில்லை.

பகடிவதைக்கு எதிராக நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. உங்கள் பதிவு அந்த எல்லைக்குள் வரும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவரை ஊரார் நடுவில் நிறுத்திக் கேலிக்கு விடுவது எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட பிறகும், உறவுக்குள் அதையே செய்துவிட்டு “ஏதோ கோபத்தில்” என்று கடந்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

இனி, யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமிட்டதற்காக ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ, யான் லெகுன் ஆகிய மூவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2018-ஆம் ஆண்டுக்குச் சேர்த்தே வழங்கப்பட்டது. இந்தத் தொழில்நுட்பத்தால் மனித இனம் அழியும் அபாயத்தைக் குறைப்பதற்கு உலகம் முன்னுரிமை தர வேண்டும் என்று 2023 மே மாதம் வெளியான அறிக்கையில் முதல் இருவரும் கையெழுத்திட்டார்கள். மூன்றாமவரோ அந்த அச்சம் மிகையானது என்று வெளிப்படையாகவே மறுத்துவருகிறார். ஒரே விருதைப் பகிர்ந்துகொண்டவர்களுக்குள்ளேயே தீராத வழக்கைக் கைப்பேசியில் கட்டைவிரலால் தீர்த்துவிடலாம் என்று நீங்கள் இருவரும் நம்பியிருக்கிறீர்கள் என்றால், மனித ஆற்றலைப் பற்றி உங்களுக்கு இன்னும் நிறையவே நம்பிக்கை இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய செய்திகளிலும் உண்மை உண்டு, அவர் அனுப்பியவற்றிலும் உண்டு. 1990-இல் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் குழந்தைகள் ஐந்து வயது நிறைவதற்கு முன்பே இறந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 49 லட்சமாகக் குறைந்திருந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடப் புவியின் சராசரி வெப்பம் 1.5 பாகைக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டாக 2024 பதிவானது. இவை இரண்டும் ஒரே உலகத்தில், ஒரே தலைமுறையின் காலத்தில் நடந்தவை. ஆளுக்கு ஒரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர் பொய் சொல்வதாக நினைத்தால், சண்டைக்கு முடிவே இராது.

இத்தகைய சண்டை ஒன்று நம் மண்ணையும் தொட்டுச் சென்றிருக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கத்தால் 1970-களிலேயே கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவார்கள் என்று 1968-இல் எழுதியவர் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக். மனிதர்கள் பெருகினால் மூளைகளும் பெருகும், எந்தத் தட்டுப்பாட்டுக்கும் வழி பிறக்கும் என்று வாதிட்டவர் பொருளியலாளர் ஜூலியன் சைமன். எழுத்தில் மோதிக்கொண்ட இருவரும் 1980-இல் பந்தயம் கட்டினார்கள். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களில் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் என்று கணக்கு வைத்து, பணவீக்கத்தைக் கழித்த பிறகு பத்தாண்டு முடிவில் மொத்த விலை ஏறியிருந்தால் சைமன் பணம் தருவது, இறங்கியிருந்தால் எர்லிக் தருவது என்பது ஒப்பந்தம். அந்தப் பத்தாண்டில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது. ஆயினும் ஐந்து உலோகங்களும் விலை இறங்கியிருந்தன. 1990 அக்டோபரில் 576.07 டாலருக்கான காசோலை எர்லிக் வீட்டிலிருந்து சைமனுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது.

நம்பிக்கைவாதம் வென்றது என்று சொல்வதற்கு இன்றும் இந்தக் கதையை எடுத்துக்காட்டுவார்கள். உங்கள் மைத்துனரும் ஒருநாள் காட்டக்கூடும். அவர் காட்டினால், வெள்ளீயத்தின் விலை ஏன் இறங்கியது என்று கேளுங்கள். விலை விழாமல் இருப்பதற்காக அனைத்துலக வெள்ளீய மன்றம் சந்தையில் வெள்ளீயத்தை வாங்கிக் குவித்துக்கொண்டே வந்தது. 1985 அக்டோபரில் அதன் பணம் தீர்ந்ததும் விலை சரிந்தது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈயத்தை நம்பி வாழ்ந்த பேராக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்தன. அமெரிக்காவில் நம்பிக்கைவாதியின் வெற்றிக் கணக்கில் ஒரு வரியாக ஏறியது, ஈப்போவில் ஒருவருடைய வேலையாக இருந்திருக்கிறது. உங்கள் பக்கத்துக்கும் ஒரு செய்தி உண்டு. வேறு பத்தாண்டுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் பலமுறை எர்லிக்கே வென்றிருப்பார் என்று பின்னர் வந்தவர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆக, காசோலை கைமாறியது, வழக்குத் தீரவில்லை. 1990-களில் இரு தரப்பும் மீண்டும் பந்தயம் பேசின; எதை அளப்பது என்பதிலேயே உடன்பாடு ஏற்படாமல் அது நின்றுபோனது.

ஆயினும் அந்த இருவரிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எது நடந்தால் தாம் தோற்றதாக ஒப்புக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டார்கள். உங்கள் குழுவில் பரிமாறப்பட்டதாக நீங்கள் குறிப்பிடும் அத்தனை செய்திகளிலும் அப்படி ஒரு வரிகூட இல்லை.

இனி உங்கள் பினாங்குக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வூ லியென் தே 1879-இல் பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை அங்கே அனுப்பியது. அது எலியும் தெள்ளும் பரப்பும் வகையன்று, மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் நுரையீரல் வகை என்று அவர் முடிவுக்கு வந்தார். துணியாலான முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டும் என்றார். அங்கு வந்துசேர்ந்த மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர், அனுபவத்தில் இளையவரான இவரது கருத்தை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலே நோயாளிகளைப் பார்க்கச் சென்றார். சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் முகக்கவசத்தை மறுத்துப் பேச ஆளில்லை. ரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தலும், புதைக்க வழியின்றிக் கிடந்த உடல்களை அரசரின் அனுமதி பெற்று எரித்ததும் சேர்ந்து, ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் 1911 வசந்தத்துக்குள் அடங்கியது.

மெஸ்னியின் முடிவு கொடியது. அதைக் காட்டி யாரையும் மட்டம் தட்ட நான் விரும்பவில்லை. நான் கவனிப்பது, அங்கே நடந்த வாதத்தின் அளவை. நாகரிகம் பிழைக்குமா, சீனா பிழைக்குமா என்று அவர்கள் மோதிக்கொள்ளவில்லை. நாளைக் காலை நோயாளியிடம் போகும்போது முகத்தை மூடுவதா, வேண்டாமா என்பதுதான் வழக்கு. அதனால்தான் அதற்கு ஒரு விடை கிடைத்தது. ஓசோன் படலத்திலும் இப்படித்தான் நடந்தது. அண்டார்டிகாவுக்கு மேலே படலம் மெலிந்திருப்பதை 1985-இல் அறிவித்தார்கள்; குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குறிப்பிட்ட சில வாயுக்களைக் குறைப்பது என்ற ஒரே வேலைக்கு 1987-இல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். ஒன்றையொன்று நம்பாத நாடுகள் எல்லாம் பின்னர் அதில் இணைந்தன. அண்டார்டிகாவுக்கு மேலே படலம் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது இப்போதைய மதிப்பீடு.

“இப்படி அடித்துக்கொள்ளும் மனிதர்களை நம்பி” என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழர்களுக்கு அடித்துக்கொள்ள இணையம் தேவைப்பட்டதில்லை. வள்ளலாரின் பாடல்கள் அருளால் பிறந்தவையா, மருளால் பிறந்தவையா என்று அவர் தரப்புக்கும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்புக்கும் இடையே 1860-களில் மூண்ட பூசல், கண்டனத் துண்டறிக்கைகளாகவும் மறுப்பு நூல்களாகவும் பெருகி, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறி, இருவரும் மறைந்த பிறகும் அவர்களுடைய ஆதரவாளர்களால் இருபதாம் நூற்றாண்டுவரை நடத்தப்பட்டது. அந்த வசைகள் முன்னால் உங்கள் முகநூல் நண்பர்கள் சாதுக்கள். ஆனால் எதிர்த்தரப்பில் நின்ற நாவலர்தாம் பழைய நூல்களைத் தேடி அச்சிட்டுப் பள்ளிகளும் நடத்தினார். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது. துண்டறிக்கைகளை மட்டுமே படித்த ஒருவர், அந்தத் தலைமுறையைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார்? நீங்கள் இரவுதோறும் கைப்பேசியில் படித்தது அந்தத் துண்டறிக்கைகளைத்தான்; அதுவும், எதற்கு அதிகம் பேர் கொதிக்கிறார்களோ அதையே மேலே தூக்கிக் காட்டும் ஓர் அமைப்பின் வழியாக.

உங்கள் மகளின் கேள்விதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நேற்றுவரை நீங்கள் மறுத்த ஒன்றை இன்று அவளிடம் சொல்லாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை அதை நம்ப மாட்டாள். உண்மையைச் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டில் மனித இனம் முடிந்துவிடும் என்று ஐக்கிய நாட்டு அமைப்பின் பருவநிலைக் குழு தன் அறிக்கைகளில் சொல்லவில்லை. வெப்பம் கூடக் கூடப் பாதிப்பும் கூடும், தவிர்க்கப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு பாகைக்கும் மதிப்பு உண்டு என்றுதான் சொல்கிறது. அப்படியென்றால் வெள்ள வடிகால் கட்டுபவருக்கும், நெல் ஆராய்பவருக்கும், மருத்துவருக்கும், செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுப்பாடு எழுதும் சட்ட வல்லுநருக்கும் வேலை இருக்கிறது. 2017 நவம்பரில் பினாங்கும் செபராங் பிறையும் நீரில் மூழ்கியதை அவள் சிறுமியாகப் பார்த்திருப்பாள். அந்த இரவில் யார் யார் தேவைப்பட்டார்கள் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவள் தூக்கமோ சாப்பாடோ குறைந்து, பேச்சும் சுருங்கியிருந்தால், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மாமா மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவும் தாய்மாமாவும் ஒருவரையொருவர் முட்டாள் என்று எழுதிக்கொண்டதைப் பக்கம் பக்கமாகப் படித்த பிள்ளைக்கு, உலகம் முடியப்போகிறது என்று தோன்றுவதற்கு செயற்கை நுண்ணறிவு எதற்கு?

ஆகவே, முதலில் அந்தப் பதிவை நீக்குங்கள். நீக்கிய இடத்திலேயே, “குடும்பத்துக்குள் பேசியதை இங்கே போட்டது என் தவறு” என்று ஒரு வரி எழுதுங்கள். கேலி நடந்த இடத்தில்தான் அதைத் திரும்பப் பெறவும் வேண்டும். பிறகு மைத்துனரைத் தொலைபேசியில் அழையுங்கள். புலனத்தில் எழுதாதீர்கள், குரல் பதிவும் அனுப்பாதீர்கள். “மச்சான், படத்தைப் போட்டது தப்பு” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “இருந்தாலும் நீங்களும்” என்று தொடங்கும் வாக்கியம் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். மகள் கூடுதல் கணிதத்தில் தடுமாறுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தேர்வுவரை வாரம் ஒருமுறை அவளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். இது சமாதானத்துக்கான தந்திரமாக உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும், பிள்ளைக்குக் கணக்கு வரும்.

தீபாவளிக்குக் கட்டாயம் போங்கள். பேச்சு மறுபடியும் செயற்கை நுண்ணறிவுக்குத் திரும்பினால், “எது நடந்தால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?” என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள், அதே கேள்விக்கு உங்கள் விடையையும் தயாராக வைத்திருங்கள். விடை இல்லையென்றால் பேச்சை முறுக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. புலனக் குழுவில் நீங்களாகப் போய்ச் சேர வேண்டாம். உங்கள் மாமியார் சேர்த்துவிடும்வரை காத்திருங்கள். பதிவை நீக்கும் வேலையை மட்டும் தீபாவளிவரை தள்ளிப்போடாதீர்கள்.