சிஸ்டம் போட்டதும் தானாகத் திறப்பவை: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சரிபார்க்கிற கடை என்னுடையது. போன வாரம் ஒருவர் 'சிஸ்டம் போட்டுட்டு டீக்கடைக்குப் போய் வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு' என்று ஆரம்பித்தார், அப்புறம் ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை பதில்.

கேள்வி (திசையன்விளை, கருப்பட்டிக் கடை): அண்ணாச்சி, போட்டதும் ஏழெட்டு புரோகிராம் தானா வந்து நிக்குது. பில்லுக்கு ஆள் காத்துக் கிடக்கு. எப்படி நிறுத்த?

பதில்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10 என்றால் மேலே 'ஸ்டார்ட்டப்', 11 என்றால் இடப்பக்கம் 'ஸ்டார்ட்டப் ஆப்ஸ்'. அந்தப் பட்டியலில் வேண்டாததன் மேல் ரைட் கிளிக், 'டிஸேபிள்', அவ்வளவுதான். பக்கத்தில் 'ஹை' என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். கிளம்பும்போது பிராசஸரில் 1 செகண்டுக்கு மேல் நேரம் எடுத்தாலோ டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் புரட்டினாலோ விண்டோஸ் அதற்கு 'ஹை' போடும். பாட்டு ஆப், மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர் இதையெல்லாம் தைரியமாக நிறுத்தலாம். புரோகிராம் அழியாது, நீங்களாகத் திறந்தால் திறக்கும். பெயர் புரியாததைத் தொட வேண்டாம். நிறுத்தியது எது எது என்று பில் புக்கின் பின்னட்டையிலாவது எழுதி வையுங்கள். எழுதி வையுங்கள் என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன், ஒருத்தரும் கேட்பதில்லை.

கேள்வி (அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவி): டிஸேபிள் பண்ணியும் குரோம் நேத்து திறந்த பக்கங்களோட வந்துடுது சார். ஸ்டார்ட்டப் லிஸ்ட்ல அது இல்லவே இல்லை.

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் அணைக்கும்போது திறந்திருந்ததை விண்டோஸே ஞாபகம் வைத்து மறுபடி திறக்கிறது, அதனால்தான் பட்டியலில் இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால் 'ரீஸ்டார்ட்டபிள் ஆப்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணையுங்கள். இன்னொன்று, 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுசாக அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று உண்டு, அது உள்ளே பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும். முழுசாகப் புதிதாகக் கிளம்ப வேண்டுமென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும்.

கேள்வி (தென்காசி): ஸ்டார்ட்டப் எங்க இருக்கு?

பதில்: முதல் பதில்.

கேள்வி (வண்ணார்பேட்டை, இ-சேவை மையம்): எல்லாத்தையும் நிறுத்திட்டேன் அண்ணே, சர்வீஸ் பக்கமும் போய். இப்போ கைரேகை மெஷின் எடுக்க மாட்டேங்குது.

பதில்: எடுக்காது. அதற்கு 'ஆர்டி சர்வீஸ்' என்று ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். சர்வீஸ் பக்கம் தெரியாமல் கை வைக்காதீர்கள். எழுதி வைத்தீர்களா? இல்லை. சரி.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்): தம்பி, நீ சொன்னபடிதான் செய்தேன். வேகமாக வருகிறது. ஆனால் மூலையில் இருந்த மணியைக் காணோம், தமிழும் வரவில்லை.

பதில்: சார், அந்த மணிதான் என்எச்எம் ரைட்டர், தமிழ் அடிக்க உதவுகிற சாஃப்ட்வேர். அதையும் சேர்த்து நிறுத்திவிட்டீர்கள். டாஸ்க் மேனேஜரில் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுங்கள். இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அச்சகத்து மெஷினில் இதையே நான் செய்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நாளில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேள்வி (பேட்டை, டிடிபி சென்டர்): இதுக்குத்தான் பாமினி. ஃபான்ட்டைப் போட்டா போதும், ஸ்டார்ட்டப்ல ஒண்ணும் ஓட வேண்டாம். இருபது வருஷமா அடிக்கேன்.

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான் அண்ணாச்சி, பாமினிக்கு எதுவும் பின்னால் ஓட வேண்டாம். ஏனென்றால் அது இங்கிலீஷ் எழுத்துக்கே தமிழ் முகமூடி மாட்டிய ஃபான்ட். நீங்கள் அடித்த 'அம்மா'வை அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிற யூனிகோடில் அந்த வம்பு இல்லை. தமிழ் 99 கீபோர்டு முறையில் அதே 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். உங்களுக்கு அஞ்சு.

கேள்வி (தென்காசி, மறுபடியும்): தமிழ் 99 யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் வர்றதுதான் ஈஸி.

பதில்: ஈஸிதான். 2019-லேயே விண்டோஸ் 10-க்குள் அந்தக் கீபோர்டு வந்துவிட்டது, லாங்குவேஜ் செட்டிங்ஸில் சேர்த்தால் போதும், தனியாக எதையும் ஸ்டார்ட்டப்பில் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் தமிழை இங்கிலீஷ் வழியாக யோசித்து யோசித்து அடிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும். தமிழ் 99-ல் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31 கீ. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. கல்லிடைக்குறிச்சி சார், நீங்கள் பாடம் நடத்தினவர், நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி (சங்கரன்கோவில்): உங்க சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. 'பிசி ஸ்பீட் ஏத்தும்'னு ஒரு சாஃப்ட்வேர் விளம்பரம் வந்தது, போடலாமா?

பதில்: வேண்டாம். போட்டால் ஸ்டார்ட்டப் பட்டியலில் அதுவும் ஒண்ணாய் வந்து உட்காரும். ஆழமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் 'ஆட்டோரன்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள், காசு இல்லை. அதிலும் டிக்கை எடுங்கள், 'டெலீட்' கொடுக்காதீர்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): விண்டோஸ் 7-ல எங்க?

பதில்: ரன் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்', அதில் ஸ்டார்ட்டப். ஆனால் 10-க்கே 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்துவிட்டது. 7-ல் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

கேள்வி (திசையன்விளை): எல்லாம் நிறுத்தியாச்சு அண்ணாச்சி. அப்பவும் ரொம்ப நேரம் ஆகுது.

பதில்: டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' போய் டிஸ்க்கைப் பாருங்கள். 'எச்டிடி' என்று இருந்து, போட்டு வெகுநேரம் நூறு சதவீதத்திலேயே நின்றால் ஸ்டார்ட்டப்பைக் குடைந்து பெரிசாகப் பலன் இல்லை, சுழலுகிற பழைய டிஸ்க் அது. சுழலாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பில் கணக்கை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): ஸ்டார்ட்டப் எங்க இருக்கு அண்ணே?

பதில்: சவத்தை, மேலே போய் வாசியுங்களேன்.

கேள்வி (பேட்டை, டிடிபி சென்டர்): 'அம்மா'வை எண்ணிப் பார்த்தேன். எனக்கு அஞ்சு தட்டுதான். ஆனாலும் மாற மாட்டேன்.

பதில்: மாற வேண்டாம் அண்ணாச்சி. ஃபைலை எனக்கு அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.