மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் இந்த வருஷம் பி.காம் சேர்ந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்கும்) லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறோம். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 21,500 ரூபாய். "இடம் பத்தாவிட்டால் அப்புறம் 1 டிபி போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். டி480 நல்ல தேர்வு. கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் லேப்டாப்கள்தான் இப்படி வருகின்றன. வீட்டு உபயோகத்துக்கென்று வரும் மலிவான புது லேப்டாப்பைவிட இவற்றின் கீபோர்டும் கீலும் உறுதியானவை. ஆனால் 'அப்புறம் போட்டுக்கொள்ளலாம்' என்ற வார்த்தைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். பணம் தருவதற்கு முன் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இந்த மாடலில் மூடியின் திருகுகள் தளருமே தவிரக் கழன்று கீழே விழாது. திருகின் தலை தேய்ந்து மழுங்கியிருந்தால், பலமுறை பிரித்த பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்ததும் முதலில் ரேமைப் பாருங்கள். டி480-யில் இரண்டு இடம் உண்டு. 8 ஜிபி ஒரே பலகையாக இருந்தால் பக்கத்து இடம் காலி. நாளைக்கு இன்னொரு 8 வாங்கிச் செருகினால் முடிந்தது. 4-ம் 4-ம் ஆக இருந்தால், ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கூட்ட முடியும். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று டி480எஸ்-ஐத் தலையில் கட்டினால் உஷார். அதில் ரேமின் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைத்தது, செருகுவதற்கு ஓரிடம்தான்.

அடுத்தது எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் பாகம். இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை பணத்தைத் தொலைத்தேன். அண்ணன் மகனுக்கு வேறொரு பழைய லேப்டாப் வாங்கியபோது, "எந்த எம்.2 வேண்டுமானாலும் போடலாம்" என்றார் விற்றவர். எம்.2 என்பது சின்னப் பலகை வடிவ எஸ்எஸ்டி; அதில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்று இரண்டு வகை. 512 ஜிபி என்விஎம்இ வாங்கி வந்து செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது; பயாஸில் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருளில்) மட்டும் தெரியவே இல்லை. அந்த லேப்டாப்பின் எம்.2 இடம் சாட்டா வகைக்கு மட்டும் இணைப்புக் கொடுக்கப்பட்டது. அளவில் இரண்டும் ஒன்றுதான்: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாட்டா நொடிக்கு 550 எம்பியைத் தாண்டாது. என்விஎம்இ அதைப்போல் ஐந்தாறு மடங்குகூடப் போகும். நீங்கள் பார்த்த டி480-யில் இரண்டரை அங்குல இடம் ஒன்று இருக்கிறது. அதில் சாட்டா எஸ்எஸ்டி போட ஒரு கேபிள், என்விஎம்இ போட வேறு கேபிளும் ஒரு சின்னத் தட்டும் வேண்டும். பல பெட்டிகளில் அந்தத் தட்டு காணாமல் போயிருக்கும். "எந்த வகை எஸ்எஸ்டி போட்டிருக்கிறது, அதற்கான தட்டு இருக்கிறதா?" என்று கேட்டுக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பி.காம் படிப்புக்கு 256 ஜிபியே முதல் வருஷம் தாங்கும். அவசரப்பட்டு 1 டிபிக்கு இப்போதே பணம் போட வேண்டாம்.

இருக்கும் எஸ்எஸ்டி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், அது ஓடிய மணி நேரத்தையும் ஆரோக்கியத்தைச் சதவீதத்திலும் காட்டும். பேட்டரி இதில் இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றக்கூடியது. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டுக்கும் தனித்தனியாகக் காட்டும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் விலையில் பேசுங்கள்.

முக்கியமான ஒன்று. கடையிலேயே உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். செட்டப் நடக்கும்போது ஏதாவது கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் பழைய முதலாளியின் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம். பயாஸ் பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி.

கேள்வி: நான் வேலந்தாவளம். கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில். பில் இல்லாமல் வாங்கினால் 1,500 ரூபாய் குறைப்பதாகச் சொல்கிறார்கள். பின்னால் தகராறு வந்தால் வழக்குக்குக் கோவைக்குத்தான் அலைய வேண்டுமா?

பதில்: அலைய வேண்டாம். பழைய 1986 சட்டத்தில் அந்தத் தொல்லை இருந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் வழக்கு வரை இழுக்க விரும்புவதில்லை.

ஆனால் இத்தனைக்கும் பிடி அந்தப் பில்தான். 1,500 ரூபாய்க்காக அதை விட்டுக்கொடுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதே வகைத் தப்புதான்.

பில்லில் மாடல், சீரியல் நம்பர், ரேம், எஸ்எஸ்டியின் வகையும் அளவும், வாரண்டி எத்தனை மாதம் என்பதெல்லாம் எழுதி வாங்குங்கள். கூடவே "ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் வாரண்டி போகாது" என்று ஒரு வரி, கடை முத்திரையுடன். மூடியில் சீல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, நீங்கள் திறந்ததும் கையை விரிக்கும் வழக்கம் உண்டு.

கேள்வி: மீனாட்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். கோவையில் ஒரு கடையில் 6-ஆம் தலைமுறை ஐ7 பிராசஸர் உள்ள பழைய லேப்டாப் 16,000-க்குக் கிடைக்கிறது. ஐ5-ஐவிட ஐ7 பெரியதுதானே?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறையான ஆதரவு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அதுவுமில்லாமல் இந்த வகை லேப்டாப்களில் 6-ஆம் தலைமுறை ஐ7-க்கு இரண்டு கோர்தான் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதி). 8-ஆம் தலைமுறை ஐ5-க்கு நான்கு. லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) பழகியவர் என்றால் 12,000-க்குக் கேட்டுப் பாருங்கள்.