ஆக்ஸியோவுக்கு 195/65R15 டயர் பொருந்துமா? ஸ்பீடோமீட்டர் பிழையாகக் காட்டுமா?

நீங்கள் கேட்டது: காரில் இருப்பது 175/65R15. மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் கிறவல் வீதியில் அடிக்கடி ஓடுவதால், அதே ரிம்முக்கு 195/65R15 போடச் சொல்கிறார்கள், போடலாமா?

வேண்டாம். 185/65R15 போடுங்கள்.

65 மாறவில்லைதானே, உயரமும் மாறாது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் வரும் 175, 195 தான் மில்லிமீட்டரில் டயரின் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அந்த 65 மில்லிமீட்டர் அல்ல, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அகலம் கூடினால் டயரின் பக்கச் சுவரும் உயரும். கணக்குப் பார்த்தால் இப்போதைய டயரின் விட்டம் 608.5 மி.மீ., 195/65R15 இன் விட்டம் 634.5 மி.மீ. வித்தியாசம் 4.3 சதவீதம். பொதுவாக 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 185/65R15 என்றால் 2.1 சதவீதம்தான்.

மீட்டர் காட்டுவது சக்கரம் சுற்றும் கணக்கை வைத்துத்தான். பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 523 தரம் சுற்றும், பெரியது 502 தரம். டயர் மாறியது காருக்குத் தெரியாது. அதனால் முன்பு 70 காட்டிய இடத்தில் இனி 67 தான் காட்டும். புதுக் காரில் மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டக் கூடாது என்பது ஐ.நா. விதி 39. அந்தக் கூடுதலைப் பெரிய டயர் தின்றுவிடும். பிறகு மீட்டரை நம்பி 70 இல் போனாலும் பொலிஸ் ஸ்பீட் கன்னில் மாட்டலாம்.

ஓடிய தூரமும் அப்படியே குறையும். மீட்டரில் 500 கிலோமீட்டர் என்றால் உண்மையில் 520க்கு மேல் ஓடியிருப்பீர்கள். பெரிய டயர் போட்டதும் பெற்றோல் கூடக் குடிக்குது என்று சொல்பவர்கள் பாதி இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். டயரின் பாரத்தால் கொஞ்சம் கூடுவது உண்மைதான், ஆனால் எல்லாம் அதனால் அல்ல. ஒயில் மாற்றும் தூரமும் தெரியாமலே தள்ளிப்போகும்.

இனிப் பொருத்தம். ரிம்மில் 5J (அகலம் 5 அங்குலம்) என்று அடித்திருந்தால் 195 அதற்கு அகலம் கூடியது, 5.5J இலிருந்துதான் சரி. 185 க்கு 5J போதும். உட்பக்கம் ஷொக் அப்சோபருக்கும் டயருக்கும் இடையில் விரல் நுழைகிறதா பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பாருங்கள். பின் சீற்றில் மூன்று பேரை ஏற்றி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். வெறுங்காரில் உரசாத டயர் அங்கே உரசும். இவ்வளவு பாடுபட்டும் 195 இல் கார் உயர்வது 13 மி.மீ. மட்டும்தான். கிறவல் வீதிக்கு அதைவிட நல்ல கட்டைகள் உள்ள டயரும் சரியான காற்றழுத்தமும்தான் உதவும்.

நாலையும் ஒரே சைஸில் மாற்றுங்கள், முன்னிரண்டு மட்டும் மாற்றினால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் பார்க்கும் ஏபிஎஸ் குழம்பும். பக்கச் சுவரில் சைஸுக்குப் பின்னால் இருக்கும் சுமை எண் பழையதைவிடக் குறையக் கூடாது.

மாற்றிய பிறகு கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கமாக ஏ4 வீதியில் போய், பக்கத்தில் இருப்பவரிடம் போனின் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் கட்டைகளில் பத்தை எண்ணி, மீட்டரில் ஓடிய தூரத்தையும் ஒத்துப் பார்க்கலாம்.