முகமூடி பார்வையாளருக்கு: ஹாலோவீன் மாஸ்கரேட் நாடகம், கேள்வி பதில்

கேள்வி: வேஷம் கட்டிக்கொண்டு ஆடும் ஹாலோவீன் பார்ட்டி எப்போது நாடகமாகிறது?

பதில்: உள்ளே கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்போது, அதாவது காட்சிகள் நேரக் கணக்கோடு நடக்கும்போது. நியூயார்க்கில் 2011 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை நடந்த ‘ஸ்லீப் நோ மோர்’ இதற்குப் பாடப்புத்தகம். பிரிட்டனின் பஞ்ச்டிரங்க் நாடகக் குழு, ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கதையைச் செல்சி பகுதிக் கிடங்குகளுக்குள் அறை அறையாகப் பிரித்துப் போட்டது. இடத்துக்கு ‘மெக்கிட்ரிக் ஹோட்டல்’ என்று பெயர். அது ஒருநாளும் ஹோட்டலாக இருந்ததில்லை. பார்வையாளருக்கு வெள்ளை முகமூடி, வாய் திறக்கக் கூடாது. நடிகருக்கு முகமூடி கிடையாது. அதே கட்டடத்தில் ஹாலோவீன் விருந்துகளும் நடந்தன.

கேள்வி: காசு கொடுத்து வருகிறவர் முகத்தை ஏன் மூட வேண்டும்?

பதில்: கூட்டம் நிற்கும் அறையில் நடிகர் யார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அதற்காக. அடுத்தது கூச்சம். வெறும் முகத்தோடு மேசை இழுப்பறையைத் திறக்கத் தயங்குகிறவர், முகம் மறைந்ததும் உள்ளே இருக்கும் கடிதத்தை எடுத்துப் படித்துவிடுவார். அதனால் விருந்தாளிகளைச் சொந்த முகமூடியோடு வரச் சொல்லாதீர்கள். இறகும் ஜிகினாவுமாக ஆளுக்கொன்று வந்தால் நடிகர் அதில் காணாமல் போவார். எல்லாருக்கும் ஒரே முகமூடி, வாசலில் நீங்களே கொடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கண்ணாடி போடுகிறவள். முகமூடி போட்டால் ஆவி படிந்து ஒன்றுமே தெரிவதில்லை.

பதில்: மூச்சு போக வழியில்லாததுதான் காரணம். வெனிஸின் பவுத்தா முகமூடியைப் பாருங்கள்: கீழ்ப்பகுதி முன்னால் துருத்தி நிற்கும். கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம். மூச்சும் கீழே இறங்கிவிடும். அந்த வடிவத்தையே வாங்குங்கள். நெற்றியிலும் இரண்டு கன்ன எலும்பிலும் படும் இடத்தில் 5, 6 மி.மீ. தடிமன் ஸ்பாஞ்ச் ஒட்டினால் கண்ணாடிக்கு இடம் கிடைக்கும். ரிப்பன் நழுவும், எலாஸ்டிக் போடுங்கள். அது காதுக்கு மேலே போகட்டும்.

நடத்துகிறவர்களுக்கு ஒன்று: முகமூடி போட்டவருக்குத் தன் கால் தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இருட்டில் ஒளிரும் டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: இருபது அறையில் ஒரே நேரத்தில் காட்சி நடக்கிறது. நடிகர்கள் எப்படித் தடுமாறாமல் ஒன்றுசேர்கிறார்கள்?

பதில்: இசைதான் கடிகாரம். ‘ஸ்லீப் நோ மோர்’ முறையில் ஒரு மணி நேரச் சுற்று, அதே காட்சிகளோடு மூன்று தடவை ஓடும், கடைசியில் எல்லாரும் ஒரே கூடத்தில் விருந்துக் காட்சிக்கு வந்து சேர்வார்கள். நீங்கள் முதல்முறை செய்வதானால் முப்பது நிமிடச் சுற்று போதும். ஒரு தாளில் நிமிடங்களை மேலிருந்து கீழாகவும் பாத்திரங்களைப் பக்கவாட்டிலும் எழுதுங்கள். எந்தெந்த நிமிடத்தில் இரண்டு பாத்திரம் சந்திக்கிறதோ, அங்கே இசையில் மணியோசை, இடி என்று தெளிவான அடையாளம் வையுங்கள். எல்லா அறையிலும் ஒரே ஆடியோ, ஒரே இடத்திலிருந்து.

கெட்டுப்போவது பெரும்பாலும் கதவருகே. நடிகர் ஓடுவார், பின்னால் முப்பது பேர் ஓடுவார்கள், கதவில் அடைத்துக்கொள்ளும். கடைசி ஆள் உள்ளே வரும்போது கொலை முடிந்திருக்கும். ஓடி வந்த நடிகருக்கு முதல் அரை நிமிடம் சும்மா ஒரு வேலை கொடுங்கள்: கையுறையைக் கழற்றட்டும், மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

அடுத்தது மீட்டமைப்பு, அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் பொருட்களைப் பழையபடி வைப்பது. கிழித்த கடிதம் அடுத்த சுற்றில் முழுசாக இருக்க வேண்டும். சுற்றுக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று தயாராக இருக்கட்டும். நனையும் சட்டைக்கும் இதே கணக்கு.

கேள்வி: ஒரு பார்வையாளரைத் தனியறைக்கு அழைத்துப்போகும் காட்சி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். கையை நீட்டிவிட்டு நடிகர் காத்திருக்க வேண்டும், பிடித்து இழுக்கக் கூடாது. பார்வையாளர் கை கொடுக்காவிட்டால் அத்தோடு விடுங்கள். கதவைப் பூட்டாதீர்கள், வெளியே கறுப்பு முகமூடியில் ஒரு பணியாளர் நிற்கட்டும். இந்த விதி நடிகரின் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். முகம் மறைந்த ஆள் எல்லை மீறுவது இந்த வகை நாடகத்தின் நிஜமான சிக்கல்.

கேள்வி: புகை மெஷின் போட்டால் தீ அலாரம் அடிக்கிறது. டிடெக்டரைப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. 1984 மே 11 அன்று நியூஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் ‘ஹான்டட் காசில்’ பேய்வீடு எரிந்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். சுவரில் பொருத்தியிருந்த ஸ்பாஞ்ச் பற்றிக்கொண்டது, தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை, இருட்டில் வழி தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் இத்தகைய கட்டடங்களுக்குத் தனி விதி வந்தது: புகை உணர்ந்ததும் விளக்குகள் எரிய வேண்டும், பேய்ச்சத்தமும் கண்கட்டு வெளிச்சமும் தானாக நிற்க வேண்டும்.

தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் சம்மதித்தால் அந்த ஒரு பகுதியின் டிடெக்டரை மட்டும் நிறுத்தி, பயிற்சி பெற்ற ஆளைக் காவலுக்கு வைக்கலாம். துணித்திரை, காகித இலை எல்லாம் தீத்தடுப்பு பூசியதாக இருக்கட்டும். மெழுகுவர்த்தி பேட்டரி விளக்குதான், அதில் விவாதமே இல்லை.

கேள்வி: ரத்தம்?

பதில்: கார்ன் சிரப் (சோளப் பாகு), சிவப்பு உணவுச் சாயம், நிறம் கனக்கக் கொஞ்சம் கோகோ தூள். துணியில் படுவதென்றால் ஷாம்பூ கொஞ்சம் கலந்தால் துவைக்க எளிது. ஆனால் அந்தப் பாட்டிலை வாய்க்குப் பயன்படுத்துவதோடு கலக்காமல் பெயர் எழுதி வையுங்கள். தரையில் சிந்தினால் வழுக்கும், நடனம் இருக்கும் அறையில் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பாரை எங்கே வைப்பது?

பதில்: நாடகம் நடக்கும் அறையில் வேண்டாம். தனியாக ஒரு கூடம், அங்கே மட்டும் முகமூடியைக் கழற்றலாம், பேசலாம். கோப்பை அந்த வாசலைத் தாண்டக் கூடாது. தள்ளாடுகிறவரைப் பணியாளர் அங்கேயே நிறுத்தி வைக்கலாம், தண்ணீர் கொடுத்து.