முதல் நாளே செய்து வைக்கும் ஜூலை 4 விருந்து

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று பக்கத்து வீட்டாரும் பிள்ளைகளின் நண்பர்களுமாக இருபது பேர் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கூடுகிறார்கள். அன்று முழுவதும் அடுப்படியிலேயே நிற்காமல், முதல் நாளே எவற்றைச் செய்து வைக்கலாம்?
வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஓர் இரவு ஊறினால் சுவை கூடும் பண்டங்களை மட்டும் முதல் நாளே முடித்துவிடுங்கள். அவற்றில் முதலிடம் உருளைக்கிழங்கு சாலடுக்குத்தான். இருபது பேருக்கு 3 கிலோ கிழங்கு போதும். உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால், வெளிப்புறம் குழையாமல் உள்ளும் புறமும் ஒரே பதமாக வேகும். தோலுரித்து நறுக்கி, சூடு இருக்கும்போதே நான்கு மேசைக்கரண்டி வினிகரைத் தெளியுங்கள். ஆறிய கிழங்கு புளிப்பை அவ்வளவாக உள்ளிழுப்பதில்லை. பிறகு அகலமான தட்டுகளில் பரப்பிக் குளிரவைத்து, நன்றாக ஆறியபின்பே மயோனைஸ், கடுகு விழுது, நறுக்கிய செலரி, வெங்காயம், அவித்த முட்டை ஆகியவற்றைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் மயோனைஸ் உருகி எண்ணெய் பிரிந்துவிடும்.

கோல்ஸ்லா அப்படியன்று. உப்புப் பட்டதும் முட்டைக்கோஸ் நீர்விடத் தொடங்கும் என்பதால், கோஸையும் கேரட்டையும் முதல் நாள் துருவி ஈரமின்றி மூடி வைத்துவிட்டு, தனியே கலந்து வைத்த மயோனைஸ் கலவையை விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சேர்த்தால் போதும்.

க்ரில்லில் சுடவிருக்கும் கோழியைத் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூளில் இரவே ஊறவைக்கலாம். பச்சைக் கோழி ஊறிய அந்த மசாலாவை வெந்த துண்டுகளின் மேல் தடவவே கூடாது. பேக்டு பீன்ஸ் டப்பாவில் வாங்குவதானால், சைவ விருந்தினரை எண்ணி, உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் பன்றி இறைச்சி சேர்ந்திருக்கும்.

இனிப்புக்கு ட்ரைஃபிள் செய்யுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கேக் துண்டுகள், அடித்த க்ரீம், ப்ளூபெர்ரி என்று இரவே அடுக்கிவிட்டு, ஸ்ட்ராபெர்ரியை மட்டும் மறுநாள் மேலே வையுங்கள். நறுக்கிய ஸ்ட்ராபெர்ரி சாறுவிட்டு வெள்ளைக் க்ரீமைச் சிவப்பாக்கிவிட்டால், கொடியின் மூன்று நிறங்களும் தனித்தனியே தெரியாமல் போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது குளிர்ச்சியைப் பற்றித்தான். சமைத்த உணவு குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரமே வரம்பு. ஜூலை வெயிலில் இது எளிதில் மறந்துபோகும். ஆகவே சாலடு முழுவதையும் மேசைக்குக் கொண்டுவராமல், சிறு கிண்ணங்களில் எடுத்து, பனிக்கட்டி நிரப்பிய தட்டின் மேல் வைத்து, தீரத் தீர மாற்றுங்கள். வாணவேடிக்கை இருட்டிய பிறகுதான் தொடங்கும் என்பதால், ட்ரைஃபிளை இரவு உணவுக்குப் பின் பரிமாறும் நேரத்தில் வெளியே எடுத்தால் போதும்.