பத்தே நிமிடத்தில் செத்துப்போன லேசர் டையோடு

கேள்வி: ஆன்லைனில் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் டையோடு ஒன்று வாங்கினேன். 2.3 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டுத்தான் 6.8 ஓம் ரெசிஸ்டர் வைத்து இரண்டு ஏஏ பேட்டரியில் இணைத்தேன். பத்து நிமிடம் நன்றாக எரிந்தது, அப்புறம் சாதாரண எல்.இ.டி. மாதிரி மங்கிவிட்டது. விற்றவர் பணம் தர மறுக்கிறார். இனி கரண்டை அளவாகக் கொடுக்கும் ரெடிமேட் டிரைவர் போர்டு வாங்குவதா, நானே செய்வதா?

பதில்: அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள், இதில் விற்றவர் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. 3 வோல்ட் என்று நீங்கள் கணக்கில் எடுத்த இரண்டு ஏஏ, புதிதாக இருக்கும்போது 3.2 வரை காட்டும். டையோடு தன் 2.3 வோல்ட்டை விட்டு அதிகம் நகராது, அதனால் மிச்சம் முழுக்க ரெசிஸ்டர் தலையில் விழும். 0.7 இருக்க வேண்டிய இடத்தில் 0.9, அதாவது 103 மில்லி ஆம்பியருக்குப் பதில் 132. போதாததற்கு டையோடு சூடாக ஆக அதன் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் இன்னும் ஏறும். அளவுக்கு மீறிய ஒளியில் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் முகப்பு கருகிவிட்டால், பிறகு அது வெறும் எல்.இ.டி.தான்.

நூறு மில்லி ஆம்பியர் அளவுக்கு ரெடிமேட் போர்டு தேவையே இல்லை என்பேன். ஆம்பியர் கணக்கில் குடிக்கும் பெரிய நீல டையோடு என்றால் வாங்குங்கள், அதிலும் கரண்ட் எதிலிருந்து எதுவரை என்று எழுதாமல் "லேசர் டிரைவர்" என்று மட்டும் போட்டு விற்பதைத் தொடாதீர்கள்.

செய்வதற்கு எல்.எம்.317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஐ.சி. ஒன்று போதும். எழுத்து உங்களைப் பார்த்தபடி பிடித்தால் இடமிருந்து வலமாக அட்ஜஸ்ட், அவுட், இன் (7805 என்ற இன்னொரு ரெகுலேட்டர் பழக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க, இதன் கால் வரிசை வேறு). அவுட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவில் ரெசிஸ்டர், அட்ஜஸ்ட் காலிலிருந்து டையோடுக்கு வயர், அவ்வளவுதான். ஐ.சி. அந்த ரெசிஸ்டரில் எப்போதும் 1.25 வோல்ட்டைப் பிடித்து வைக்கும். 12 ஓம் போட்டால் 104 மில்லி ஆம்பியர், 15 போட்டால் 83. நானாக இருந்தால் 15தான், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் டையோடு நாள்பட உழைக்கும். அரை வாட் ரெசிஸ்டராக வாங்குங்கள். திருகிக் கூட்டிக் குறைக்க பொட்டென்ஷியோமீட்டர் வைக்க ஆசைப்பட்டால் அதோடு தொடரில் ஒரு நிலையான ரெசிஸ்டரும் இருக்கட்டும், இல்லையென்றால் குமிழ் பூஜ்யத்துக்குப் போன நொடியே டையோடு காலி. டையோடுக்கு 2.3, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி.க்குக் குறைந்தது 2 என்று கூட்டினால் உங்கள் இரண்டு ஏஏ எந்த மூலைக்கும் போதாது. இரண்டு 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல் தொடரில் போடுங்கள்.

லேசர் டையோடின் குறுக்கே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், தலைகீழாக ஒரு 1என்4001 (சாதாரண ரெக்டிஃபையர் டையோடு) ஒன்றும் பாதுகாப்புக்கு வையுங்கள். ஆனால் இந்தக் கெப்பாசிட்டர்தான் என்னுடைய முதல் டையோடைக் கொன்றது. டிரைவரை ஆன் செய்து சரிபார்த்துவிட்டு, அப்படியே டையோடை இணைத்தேன். சும்மா கிடந்த நேரத்தில் பேட்டரி வோல்டேஜ் அளவுக்கு நிரம்பியிருந்த கெப்பாசிட்டர் ஒரே அடியில் அதற்குள் காலியானது. ஒரு மின்னல், அதோடு சரி. எப்போதும் பேட்டரியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டுவிட்டு, அப்புறம்தான் டையோடு.

அதற்கும் முன்னால் ஒரு போலி லோடு கட்டிப் பாருங்கள். மூன்று 1என்4001, கூடவே 1 ஓம் ரெசிஸ்டர், எல்லாம் தொடரில். அந்த 1 ஓமின் குறுக்கே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தால் காட்டும் எண்ணே மில்லி ஆம்பியர். 83க்குப் பக்கத்தில் நின்றால் சரி. 200 காட்டினால் எங்கேயோ தப்பு, ஆனால் போனது ஒன்றுமில்லை.

கேள்வி: அடுத்த டையோடோடு கண்ணில் போட்டுக்கொள்ளும் பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று இலவசமாகத் தருகிறார்களாம். போதுமா?

பதில்: அதன் மேல் எத்தனை நானோமீட்டருக்கு, எத்தனை ஓ.டி. (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருக்கிறதா? 650 அந்த எல்லைக்குள் வருகிறதா? இல்லையென்றால் அது வெறும் பச்சை பிளாஸ்டிக், போட்டால் தைரியம் மட்டும்தான் கூடும். ஒளி 5 மில்லிவாட்டைத் தாண்டினால் லேசர் ஆபத்துப் பட்டியலில் 3பி வகுப்பு, கண் இமைப்பதற்குள்ளேயே விழித்திரை பாதிக்கப்படலாம். கண்ணாடியைக் காசு கொடுத்துத் தனியாக வாங்குங்கள். டையோடை இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் சாலிடரிங்கில் போகும். வரும்போது ஸ்டாட்டிக் தடுக்கும் கவரில் இல்லாமல் சாதா பிளாஸ்டிக்கில் வந்தால், பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தச் சண்டையில் நியாயம் உங்கள் பக்கம்.